நேசராணி நிறுத்திய பந்தயங்கள்

நேசராணிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் கடுத்தது, ஏனென்றால் மற்றவர்களுக்கு ஒரு நாளான ஞாயிறு அவளுக்கு ஐந்து நாள்.

பதுளையில் ஜெஸீமின் இரும்புக்கடை மாடியில் அவள் புருஷன் ரஜீவனும் கூட்டாளிமாரும் கார்ப் பந்தயம் விடுகிறார்கள். உள்ளங்கை அளவு மின்சாரக் கார்கள், பலகையில் வெட்டிய காடிக்குள் ஓடும். வேகம் கூடினால் வளைவில் எகிறி அடுத்தவன் வழியில் விழும். அந்தக் கணமே கரண்டை நிறுத்தாவிட்டால் ஒருவன் பாதிச் சுற்று முந்திவிடுவான், கைகலப்பு வரும். எல்லாருக்கும் ஓட்டத்தான் ஆசை, அதனால் கரண்டை நிறுத்தும் பட்டன் நேசராணி கைக்கு வந்தது. முதல் தரம் அழுத்தியபோது கார்களோடு ஊவா மாகாணமும் நின்றது. பசறை பஸ் வளைவில் சாய்ந்தபடி நின்றது, ஜெஸீம் வாயைத் திறந்தபடி நின்றார். விழுந்த காரை எடுத்து, எகிறிய இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவள் மட்டும் மூன்று வேளை பசித்து, ஒரு தூக்கம் தூங்கி எழும்பிய பிறகுதான் கரண்ட் திரும்பியது. எப்போதும் அப்படித்தான்.

"நம்ம தங்கச்சி நிப்பாட்டினா ஒரு நூல் பிசகாது," என்று ஜெஸீம் பண்டாரவளைக்காரர்களிடம் பீற்றினார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்தில் ஒவ்வொரு நிறுவையிலும் அவளுக்கு இரண்டு கிலோ வெட்டியிருந்தார்கள். அதனால் யாருக்கும் ஓர் அங்குலம் குறைய அவள் விடவில்லை. ரஜீவன் கார் அடுத்தவன் வழியில் விழாமல் தன் காடியிலேயே சுழன்று நின்றால், அவன் என்ன கத்தினாலும் அழுத்தமாட்டாள். ஞாயிறுக்கு நாலு தரமாகப் பத்து வருஷம் போனது. ஒரு தரம் எல்லாம் நின்றிருந்தபோது தெமோதரை வரை நடந்து, தோட்டத்து லய வீடுகளின் பீலிக் குழாயடியில் குடத்தோடு நின்ற தங்கையிடம் தொண்டை காயும்வரை பேசினாள். பீலித் தண்ணீர் குடத்துக்கு இறங்காமல் நின்றது.

ஜெஸீம் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார். பிறந்த கணக்கில் ரஜீவனுக்கும் அவளுக்கும் ஒரே வயது. போன மாதம் பஸ்ஸில் ஒருத்தி, "ஒங்க தம்பியத் தள்ளி உக்காரச் சொல்லுங்க," என்றாள். ரஜீவன் சிரித்தான். நேசராணி சிரிக்கவில்லை.

"இந்த ஞாயிறு நீங்க அழுத்துங்க. நீங்களும் கொஞ்சம் என் வயசுக்கு வாங்க," என்றாள் ரஜீவனிடம்.

அழுத்தினான். மற்றவர்கள் கண் மூடித் திறப்பதற்குள் அவனுக்கு ஒரு நாள் தாடி முளைத்திருந்தது, சோற்றுப் பார்சல் பிரிக்காமல் ஊசிப்போயிருந்தது. விழுந்த கார் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"அடப்பாவி, காரக்கூட எடுத்து வைக்கலியா?" என்றார் ஜெஸீம்.

ரஜீவன் நேசராணியின் கையைப் பிடித்திருந்தான். "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். நீ திரும்பவே இல்ல."

"ஆமாங்க, யாரும் திரும்ப மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு அவள் காரை எடுக்கப் போனாள்.

அந்தப் பந்தயம் செல்லாது என்று வைத்தார்கள். ரஜீவன் பிறகு பட்டனைத் தொடவில்லை. ஞாயிறு காலையில் நாலு நாளைக்குச் சோறு கட்டிக் கொடுப்பதோடு சரி. அவன் தனியாக இருந்த அந்த ஒரு நாளைக் கழித்துவிட்டால், அவளுக்குத் தரவேண்டியது ஐந்து வருஷம் எட்டு மாதம்.