அத்தைக்குப் பேரிங் போயிடுச்சு

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெயர் ‘சத்தம்’. மொத்தம் அறுபத்தொரு பேர். ஏழெட்டு கம்பெனிக்காரர்கள். வெளியில் ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் தட்டிப் பறிப்பார், இந்தக் குழுவுக்குள் வந்துவிட்டால் ஒரே அண்ணன் தம்பி உறவுதான். பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொன்ன ஒருவனை அன்றைக்கே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். மெஷின் வினோதமாகச் சத்தம் போட்டால் அதைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதிலும் கறாராக ஒரு விதி. சத்தத்தோடு ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. எந்தக் கட்டடம், எத்தனை மாடி, எந்தக் காலத்து மோட்டார், மூச்சு விடக் கூடாது. முன்னாலேயே சொல்லிவிட்டால் காது கெட்டுப்போய், சொன்னதையே திருப்பிக் கேட்கும் என்பது அவர்கள் கட்சி. எல்லோரும் கேட்டுக் கருத்துச் சொன்ன பிறகுதான் அனுப்பியவர் வாயைத் திறக்கலாம்.

இந்த விதியால்தான் மாடி அக்கா மாட்டிக்கொண்டாள்.

குழுவில் ஒரே பெண் அவள். எந்நேரமும் ஏதாவது மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குள் இருப்பதால் அந்தப் பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷம் அவளை உதிரிபாகக் கிடங்கில் போட்டு வைத்திருந்தார்கள். பெண்பிள்ளை, ஏணி ஏறுவாளா என்ற பெரிய மனசு. ஆறு மாதம் சண்டை போட்டு ஏணி வாங்கினாள். அன்றிலிருந்து கிடங்கு என்ற வார்த்தையைக் கேட்டாலே ஏணியை இறுகப் பிடித்துக்கொள்வாள்.

அந்தத் திங்கட்கிழமை கிடங்குக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு சத்தம்தான் பாக்கி இருந்தது.

எட்டு மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் மேலே போகும்போது மட்டும் மூன்றாவது மாடியைத் தாண்டியதும் ஒரு தேய்ப்பு, ஒரு இடி. மூன்றாவது தடவையாக வந்திருக்கிறாள். எதுவும் பிடிபடவில்லை. குடியிருப்புச் செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, “நாலு மணி வரைக்கும் பார்ப்பேன்மா. அதுக்கு மேல வேற கம்பெனி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதையே மேனேஜரிடமும் சொல்லியிருந்தார். மேனேஜர், “முடியலைன்னா நாளையிலிருந்து கிடங்கு” என்று சுருக்கமாக முடித்தார்.

மேனேஜரை எல்லோரும் டிக் சார் என்பார்கள். கம்பெனிக்கென்று புதிதாக ஒரு செயலி கொண்டுவந்து, இனி எல்லாப் பழுதையும் அதில்தான் பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டவர். நாற்பத்திரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் டிக் போட வேண்டும். அதில் இருபத்தேழாவது கட்டம் இது: ‘சத்தம்: உண்டு / இல்லை’. எப்படிப்பட்ட சத்தம், எப்போது வருகிறது, அழுகிறதா, உறுமுகிறதா, எதற்கும் இடம் இல்லை. கூடவே, கம்பெனி மெஷின் சத்தத்தை வெளிக் குழுக்களில் போட்டால் வேலை போய்விடும் என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்.

மணி ஒன்றரை ஆயிற்று. மாடி அக்கா லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து யோசித்தாள். டிக் சார் விதியை மீறினால் வேலை போகும். மீறாவிட்டால் கிடங்கு. கிடங்கைவிட வேலை போவதே மேல் என்று தோன்றியது. காலையில் பதிவு செய்து வைத்திருந்ததை, கிரீஸ் ஒட்டிய விரலால் தேடி, ‘சத்தம்’ குழுவுக்கு அனுப்பினாள். குழு விதிப்படி ஒரு எழுத்தும் எழுதவில்லை.

இரண்டு நிமிஷத்தில் பதில்கள் கொட்டின.

“பேரிங் போச்சு.”

“சந்தேகமே வேண்டாம், பேரிங்.”

“ஆயில் வத்திக் கிடக்கு. கடைசியா எப்ப மாத்துனீங்கக்கா?”

“ரொம்பப் பழைய மெஷின். அம்பது வருஷமாவது இருக்கும்.”

“அம்பதா? அறுபத்தஞ்சுக்குக் குறையாது. பாடியும் கனம்.”

“சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம்தான் இந்தச் சத்தம் வருதான்னு பாருங்க. ஓவர்லோடு.”

“இதையெல்லாம் ரிப்பேர் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க. கழட்டிப் போட்டுட்டுப் புதுசு வைக்கச் சொல்லுங்க.”

இத்தனை நாள் ஒரு வார்த்தை பேசாமல் குழுவில் குந்தியிருந்த ‘பார்வையாளர்’ என்ற ஆள்கூட அன்று வாய் திறந்தார். “பேரிங். உடனடியாக மாற்றவும்.”

மாடி அக்காவுக்குக் குழப்பமாக இருந்தது. இந்த மெஷினுக்கு வயது பதினொன்று. ஆனாலும் அறுபது பேர் சொல்லும்போது மறுப்பதற்கு அவள் யார்? மோட்டார் அறைக்கு ஏறினாள். பேரிங்கைத் தடவினாள், தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள். பச்சைக் குழந்தை மாதிரி இருந்தது. ஆயில் தளும்பிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் போயிற்று.

அப்போது ஆஸ்பத்திரி அண்ணன் எழுதினார். மனுஷன் இருபது வருஷமாக ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதினான்கு லிஃப்ட்களைக் கட்டி மேய்ப்பவர். குழுவில் அவர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

“நாப்பதாவது செகண்டுல நின்னுபோகுதே, கவனிச்சீங்களா? இருபத்திரண்டு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம் திமிறிக்கிட்டு ஓடுது. எந்த மோட்டாரும் இப்படி நின்னு ஓடாது. இது மெஷின் இல்லக்கா. மூச்சு. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, இப்ப மாஸ்க் போட்டுத்தான் தூங்குறேன். யாரா இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. விளையாட்டு இல்ல.”

மாடி அக்கா தான் அனுப்பியதைத் தானே போட்டுக் கேட்டாள். முதல் மூன்று வினாடியில் விளங்கிவிட்டது.

அது லிஃப்ட் இல்லை. அத்தை.

அத்தை என்றால் அவள் மாமியார். முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு சோபாவில் படுத்து வீடே அதிர அவர் விட்ட குறட்டை. அதைப் பதிவு செய்ததற்கு ஒரு வரலாறு உண்டு. “நானா? குறட்டையா? எங்க வம்சத்துலயே கிடையாது” என்று பத்து வருஷமாக அத்தை சாதித்துக்கொண்டிருந்தார். மகனிடம் கேட்டால் பிரயோசனம் இல்லை. அவன் அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவன், அது இல்லாவிட்டால்தான் தூக்கம் வராமல் புரள்வான். ஆதாரத்தோடு ஒருநாள் மூக்கை உடைக்கலாம் என்றுதான் மருமகள் பதிவு செய்தாள். நடுவில் சத்தம் நின்றதும், சரி, திரும்பிப் படுத்துவிட்டார் என்று நினைத்து சமையலறைக்குப் போய்விட்டாள். பதிவு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வினாடி. ஒரு லிஃப்ட் தரையிலிருந்து எட்டாவது மாடிக்கு வந்து கதவைத் திறந்துவிடும் நேரம்.

வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். மணி இரண்டரை. அத்தை தூங்கும் நேரம். வீட்டில் தனியாக இருக்கும் நேரம்.

லிஃப்டை நிறுத்தி, ‘பழுது’ பலகையை மாட்டிவிட்டுப் படியில் இறங்கி ஓடினாள். கீழே செயலாளர், “என்னம்மா, முடிஞ்சுதா?” என்றார். “இல்ல சார், அத்தை” என்றாள். அவருக்கு அதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

வழியெல்லாம் பயந்தாள். அவளுக்கும் அத்தைக்கும் ஆகவே ஆகாது, உண்மைதான். துண்டை எங்கே காயப்போடுவது என்பதிலிருந்து தகராறு. ஆனால் ஏணிக்காகச் சண்டை போட்ட அந்த ஆறு மாதமும், “நீ போய் நல்லாக் கேளு, வீட்டை நான் பாத்துக்குறேன்” என்று சொன்ன ஒரே ஆள் அந்த அம்மாள்தான். அது இப்போதா ஞாபகத்துக்கு வரவேண்டும்? கண் கலங்கி, எதிரே வந்த சைக்கிள்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கதவைத் திறந்தாள். சோபாவில் அத்தை மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. மார்பும் அசையவில்லை. இவள் வாசலிலேயே நின்று எண்ணினாள். ஒன்பது. பத்து. பதினொன்று. ஓடிப்போய் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கொர்ர்ர் என்று வீடு அதிர்ந்தது.

பத்து வருஷத்தில் முதல்முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்டு மருமகள் ஆனந்தப்பட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அத்தை கண்ணைத் திறந்தார். “ஏம்மா அழுற? வேலை போயிடுச்சா?”

அதற்குப் பதிலாகப் போன் அடித்தது. டிக் சார்.

“எங்க இருக்க?”

“வீட்டுல சார்.”

“வேலை நேரத்துல வீட்டுல என்ன? செயலாளர் நாலு தடவை கூப்பிட்டுட்டார். அதைவிடு. குழுவுல சத்தம் போட்டிருக்கியே, கம்பெனி மெஷின் சத்தத்தை வெளியில போடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கினேனா இல்லையா?”

“வாங்கினீங்க சார். ஆனா அது கம்பெனி மெஷின் இல்ல.”

“வேற எந்தக் கம்பெனிது?”

“எங்க அத்தை சார்.”

“அத்தையா?”

“வீட்டுக்காரரோட அம்மா. குறட்டை. ரெண்டு பதிவும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. தப்பா அனுப்பிட்டேன்.”

“அப்ப நான் பேரிங்னு சொன்னது...” என்று ஆரம்பித்த டிக் சார், நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். ஆனால் வண்டி ஏற்கெனவே பள்ளத்தில் இறங்கிவிட்டது.

“சார், அந்தப் பார்வையாளர் நீங்களா?”

பத்து வருஷம் மெக்கானிக்காக இருந்தவர் டிக் சார். நாற்பத்திரண்டு கட்டங்களை வகுத்த பிறகும் மத்தியானம் சாப்பிடும்போது திருட்டுத்தனமாக ‘சத்தம்’ கேட்காமல் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. இதை அவர் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார். பிறகு தணிந்த குரலில், “லிஃப்ட் சத்தம் உன்கிட்ட இருக்குல்ல? அதையும் போடு. எழுத்து எதுவும் வேண்டாம்” என்றார்.

ஒன்பது நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. பெட்டியைத் தண்டவாளத்தோடு பிடித்து ஓட்டிப் போகும் மேல் ஷூ தேய்ந்து, மூன்றாவது மாடி இணைப்பில் முட்டுகிறது. நாலு மணிக்குள் டிக் சாரே போய் அதை மாற்றினார். சட்டைக் கையெல்லாம் கிரீஸ். செயலியில் அதற்குக் கட்டம் இல்லாததால் அவர் அதை எங்கேயும் பதியவில்லை.

வீட்டில்தான் வழக்கு முடியவில்லை.

“அறுபது ஆம்பளைங்க என் குறட்டையைக் கேட்டாங்களா?” என்றார், பதில்களையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட அத்தை.

“ஆமா அத்தை.”

“அறுபத்தஞ்சுன்னு சொன்னவன் யாரு? எனக்கு அறுபத்திமூணுதான். கழட்டிப் போடுன்னு சொன்னானே, அவன் நம்பரைக் குடு.”

“அதெல்லாம் அப்புறம் பேசலாம். சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம்.”

“லிஃப்டுக்காரன் சொன்னான்னு டாக்டர்கிட்ட போவாங்களா? நான் வரல. எங்க வம்சத்துலயே குறட்டை கிடையாது.”

விளக்கம் சொன்னால் காது கெட்டுப்போகும். மாடி அக்கா போனை மேஜைமேல் வைத்துப் பதிவை ஓடவிட்டாள்.

முதலில் அத்தை முகத்தைச் சுளித்தார். பிறகு, “இது நான் இல்ல” என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, “நானேதான்” என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். நாற்பதாவது வினாடியில் சத்தம் நின்றது. அத்தை காத்திருந்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. போனை எடுத்துப் பார்த்தார், நின்றுவிட்டதா என்று. நிற்கவில்லை. எண்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பின்னணியில் சமையலறைக் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம்கூடக் கேட்டது. இவர் மட்டும் அதில் இல்லை. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் கொர்ர் என்று வந்ததும் அத்தை மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த இடைவெளியில நான் எங்கம்மா போயிருந்தேன்?”

“தெரியல அத்தை. திரும்பி வந்துட்டீங்கல்ல.”

அத்தை எழுந்து, “டாக்டர் எத்தனை மணிக்கு வருவாரு?” என்று கேட்டு, தலை வாரப் போனார்.

மூன்று வாரம் கழித்து அத்தைக்கு மூக்கில் மாட்டும் மாஸ்க்கும் அதில் காற்றை ஊதும் ஒரு சின்ன மெஷினும் வந்தன. முதல் ஞாயிறு மத்தியானம் படுப்பதற்கு முன் அவரே போனை எடுத்து மருமகள் கையில் கொடுத்தார். “தூங்கினதும் பதிவு பண்ணி உன் ஆளுங்களுக்குப் போடு. நடுவுல நிறுத்தாத. முழுசா போடு” என்றார்.

மாடி அக்கா மூன்று நிமிஷம் பதிவு செய்து, விதிப்படி எழுத்தில்லாமல் போட்டாள். புதுசா இருக்கு, சீரா ஓடுது, யாரு வச்சது என்றெல்லாம் வந்தது. ஆஸ்பத்திரி அண்ணன் ஒரு கும்பிடு மட்டும் போட்டார். கடைசியில் பார்வையாளர் எழுதினார்.

“சத்தம்: இல்லை.”

பக்கத்தில் ஒரு டிக்.

தூங்கி எழுந்ததும் அத்தை முதலில் கேட்டது அதைத்தான். எல்லாப் பதிலையும் வாசித்துக் காட்டியபின், “நடுவுல எங்கேயாவது நின்னேனா?” என்றார்.

“எங்கேயும் நிக்கல அத்தை. மூணு நிமிஷமும் இங்கேயேதான் இருந்தீங்க.”