அட்டைக்குள் அடங்கும் வரிசை

கத்தரி என்பது அவளுடைய பெயரல்ல, பழைய ஆபீசில் வைத்த பட்டம். யார் எழுதிய புரோகிராமைக் கொடுத்தாலும் கத்தரிக்கோலோடு பிறந்தவள் மாதிரி அதைப் பாதியாக வெட்டித் திருப்பித் தருவாள். வெட்டிய பிறகு அது முன்னைவிட நன்றாக ஓடித் தொலைக்கும். எழுதியவர்களுக்கு வயிறு எரியாதா? பட்டம் வைத்து ஆற்றிக்கொண்டார்கள். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியும் அந்தப் பட்டம் மட்டும் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. கட்டிய கணவனே அப்படித்தான் கூப்பிடுகிறான்.

அந்த நாலு வருஷமும் அவள் மகளிடம் முழுநேர உத்தியோகம் பார்த்தாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வெளியே வேலை தேட ஆரம்பித்தாள். அனுப்பிய விண்ணப்பமெல்லாம் கிணற்றில் போட்ட கல். பதில் சொன்ன ஓரிருவரும் "நடுவுல பெரிய இடைவெளி இருக்கே" என்று இழுத்தார்கள். இடைவெளி என்றால் என்ன அப்படியொரு இளக்காரம்? கீபோர்டிலேயே பெரிய பட்டன் அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கணவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கு வேலை மறந்துவிட்டதோ என்ற பயம் உள்ளே அரிக்க ஆரம்பித்திருந்தது.

அப்போது வழி காட்டியவள் நாத்தனார். கணவனின் தங்கை, வாய் நீளம், மனசு அதைவிட நீளம். பள்ளிக்கூடத் திரைகளில் ஓடும் பாடப் படங்களைச் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள்.

"அண்ணி, எங்க ஆபீஸ்ல ஒரு இடம் காலி. உங்களைப் பத்தி மேடம்கிட்ட அளந்து விட்டிருக்கேன். இந்த இடைவெளிக் கதையெல்லாம் அங்க கேக்க மாட்டாங்க. ஆனா அவங்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு."

"என்ன கிறுக்கு?"

"விசிட்டிங் கார்டு பின்னாடி எவ்ளோ இடம் இருக்கும்? அதுக்குள்ள அடங்குற மாதிரி ஒரு புரோகிராம் கையால எழுதிக் கொண்டு போகணும். ஏதாவது ஒரு பாடத்தைப் படமா காட்டணும். அவங்களே அதை டைப் பண்ணி ஓட்டிப் பார்ப்பாங்க. ஒரு அட்டைக்குள்ள சொல்லத் தெரியாதவங்களுக்குப் பிள்ளைங்ககிட்ட சொல்லவும் தெரியாதாம்."

கத்தரிக்கு வெல்லக்கட்டியை வாயில் போட்ட மாதிரி இருந்தது. இது கிறுக்கா? இவ்வளவு நாள் இவளைத் தேடிக்கொண்டிருந்த பரீட்சையல்லவா!

வரிசைப்படுத்தும் பாடத்தை எடுத்துக்கொண்டாள். கலைந்து கிடக்கும் எண்கள் எப்படிப் படிப்படியாகச் சிறிதிலிருந்து பெரிதாக ஒழுங்காகின்றன என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம். ஒவ்வொரு படிக்கும் குறுக்கே ஒரு கோடு, ஒன்றின் கீழ் ஒன்றாக. ஓடவிட்டால் மேலே நிறங்கள் கலைந்து கிடக்கும், கீழே வர வர ஒன்றையொன்று தாண்டி இடம் பிடித்து, அடிவாரத்தில் வானவில்லாக நிற்கும்.

மகள் தூங்கும் நேரத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். முதலில் ஒரு பக்கம் வந்தது. வெட்டினாள். அரைப் பக்கமானது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் நாலு வரியில் வந்து நின்றது, அட்டைக்கு அப்போதும் ஒரு வரி அதிகம். அப்போதுதான் அந்தக் குறுக்குவழி தோன்றியது. வரிசைப்படுத்தும் வேலையை நாம் ஏன் எழுத வேண்டும்? அதற்கென்று ஒரு கட்டளை கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே! வேலை செய்யும்போது அது நம்மைக் கூப்பிட்டு, "இந்த ரெண்டுல எது பெருசு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்கும்போதெல்லாம் பதிலைச் சொல்லிவிட்டு, அந்தச் சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்து, எண்கள் இப்போது எப்படி நிற்கின்றன என்று ஒரு கோடு போட்டுவிட்டால் தீர்ந்தது. மூன்றே வரி. அட்டைக்குள் அம்சமாக அடங்கியது. வீட்டு லேப்டாப்பில் ஓடவிட்டபோது நிறங்கள் பின்னிப் பின்னி இறங்கிய அழகைப் பார்த்து அவளே கைதட்டினாள், மகள் எழுந்துவிட்டாள்.

அந்த லேப்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. "புதுப்பிக்கட்டுமா?" என்று அது கேட்கும்போதெல்லாம் அவள் "பிறகு" என்பதை அழுத்துவாள். புதுப்பிக்க உட்கார்ந்தால் மகள் தூங்கி எழும்வரை அது எழாது, அவளுடைய வேலை நேரம் அதிலேயே போய்விடும். இப்படியே நாலு வருஷம் "பிறகு" ஆகியிருந்தது.

நேர்முகத்துக்குப் போன அறையில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் மேஜை. நாத்தனார் கணக்குப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடத்துக்கு ஐம்பதைத் தொடும் வயது, மூக்குக்கண்ணாடி நெற்றியில், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அட்டையை வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கி ஒருமுறை படித்தார். புருவம் லேசாக ஏறியது. பிறகு டைப் செய்தார். சுவரில் இருந்த பெரிய திரையில் படம் வந்தது.

கோடுகள். மேலிருந்து கீழ்வரை நேர் கோடுகள். ஒரு நிறம்கூடப் பக்கத்து நிறத்தைத் தாண்டவில்லை. மேலே எப்படிக் கலைந்து கிடந்ததோ அப்படியே அடிவரை கலைந்து கிடந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், இது ஒரு புள்ளி நகரவில்லை.

கத்தரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கும் மேடம்" என்றாள்.

மேடம் தன் மேஜைக் கம்ப்யூட்டரின் திரையை அவள் பக்கம் திருப்பினார். அட்டையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"அப்போ உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த வசனத்தைப் பழைய ஆபீசில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள், எத்தனை பேரைக் கிண்டலடித்திருக்கிறாள்!

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "நாலு வருஷம் வேலையில இல்லன்னு போட்டிருக்கீங்க. என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. கணவனும் அவளுமாக உட்கார்ந்து ஜோடித்த பதில். சுயமாகக் கற்றல், துறையின் போக்கைக் கவனித்தல் என்று மினுமினுக்கும். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். சுவரில் அசையாமல் நிற்கும் கோடுகளைப் பார்த்தாள். அந்தப் பதிலை இந்தப் படத்தின் முன்னால் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பொண்ணை வளர்த்தேன் மேடம். அவ தூங்குற நேரத்துல இதை எழுதினேன். எங்க வீட்டு லேப்டாப் பழசு, அதுல இது அழகா ஓடிச்சு, சத்தியமா. இடையில எதுவோ மாறியிருக்கு, எனக்குத் தெரியல. ஆனா கண்டுபிடிச்சிடுவேன். கொஞ்சம் நேரம் கொடுங்க."

அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. மேடம் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

கீபோர்டில் கை வைத்ததும் ஆத்திரம் வேறு பக்கம் திரும்பியது. சரி, அசையவில்லை. உண்மையிலேயே அசையவில்லையா, இல்லை அசைந்ததை எனக்குக் காட்டவில்லையா? வேலை முடிந்த பிறகு ஒரே ஒரு கோடு போடச் சொல்லி மறுபடி ஓட்டினாள். அடியில் அந்த ஒற்றைக் கோடு மட்டும் வானவில்லாக வந்தது.

"அடப்பாவி!" என்றாள் வாய்விட்டு.

"யாரு?" என்றார் மேடம்.

"இந்தக் கட்டளைதான் மேடம். முன்னாடியெல்லாம், நான் புதுப்பிக்காம வச்சிருக்குற எங்க லேப்டாப்புல இன்னமும், நம்ம கண்ணு முன்னாடியே எண்களை நகர்த்தும். இப்போ என்னடான்னா, மொத்தத்தையும் ஒரு நகல் எடுத்துட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்குது. உள்ளயிருந்தே 'எது பெருசு, எது பெருசு'ன்னு கேக்குது. நான் முட்டாள் மாதிரி வெளிய இருக்குற பழைய எண்களையே ஒவ்வொரு தடவையும் வரைஞ்சிட்டிருக்கேன். எல்லாம் முடிஞ்சதும் ஒரேயடியா கொண்டுவந்து வைக்குது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை!"

"அப்போ?"

"அப்போ என்ன, அதை நம்பினது என் தப்பு. அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்துட்டுப் பாடம் நடத்தக் கூடாது. நானே வரிசைப்படுத்துறேன்."

எழுதினாள். பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டைப் பார், இடதுபக்கம் பெரிதாக இருந்தால் இடம் மாற்று. கடைசிவரை போனதும் ஒரு கோடு போடு. மறுபடி முதலிலிருந்து வா. ஓடவிட்டாள். சுவரில் நிறங்கள் குறுக்கும் நெடுக்குமாக இறங்கின. பெரிய எண்கள் வேகமாக வலதுபக்கம் சரிந்தன, சின்னவை முண்டியடித்து இடதுபக்கம் வந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் எழுந்தே நின்றுவிட்டாள்.

மேடம் அந்த அழகையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஒரு வெற்று அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். "அடங்குமா?"

அடங்கவில்லை. ஒரு வரி அதிகம். கத்தரி மடமடவென்று வெட்டினாள். புரோகிராமுக்குள் எண்களுக்கு வைத்திருந்த இரண்டு பெயர்களை ஒன்றாக்கினாள், ஒரு சுற்றை இன்னொன்றுக்குள் திணித்தாள். இன்னும் அரை வரி. மீதமிருந்தது நிறங்கள்தான். வானவில் நிறம் வேண்டுமென்றால் அதைச் சொல்லவே நீளமாக எழுத வேண்டும். அவளுக்கு அந்த வானவில் உயிர். ஆனால் எண்களையெல்லாம் மூன்று இலக்கமாக வைத்துக்கொண்டு, அந்த இலக்கங்களையே நிறத்தின் குறியீடாகக் கொடுத்தால் ஒரு கை நிறைய எழுத்துகள் மிச்சமாகும். கொடுத்தாள். ஓடவிட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு நிறத்தில், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் வரிசை வந்தது.

"பார்க்க நல்லாவே இல்ல" என்றார் மேடம்.

"நல்லா இல்லதான். ஆனா நடந்ததைக் காட்டுது. முதல்ல நான் கொண்டுவந்ததுல நிறமெல்லாம் லட்சணமா இருந்துச்சு, நடந்ததை மறைச்சிடுச்சு."

மேடம் முதல் அட்டையை விரலால் தட்டினார். "இதைப் படிச்சப்பவே இது நகராதுன்னு எனக்குத் தெரியும்."

கத்தரிக்குச் சுர்ரென்று ஏறியது. வேலையாவது மண்ணாவது. "தெரிஞ்சே ஓட்டினீங்களா? நான் இங்க வேர்த்து விறுவிறுத்துப் போனேன்!"

"சரியா ஓடுற படத்தைப் பார்த்து எனக்கு என்ன தெரியப்போகுது? அதை விடுங்க." மூக்குக்கண்ணாடி மறுபடி இறங்கியது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்த அடைப்புக்குறி எதுக்கு? தண்டமா நிக்குது."

"அதை எடுத்தா முதல்ல ஒப்பிட்டுடும் மேடம், அப்புறம்தான் ஒரு எண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிக்கும்."

"இல்ல, அது இல்லாட்டியும் முதல்ல கழிக்கத்தான் செய்யும். கழிச்சது பூஜ்யத்துக்கு மேலயான்னுதானே நமக்கு வேணும்?"

கத்தரி ஒரு நிமிஷம் யோசித்தாள். "அட, ஆமா!" எடுத்தாள். ஓடியது. "அப்படின்னா இங்கயும் ஒண்ணு போகும்."

"கடைசி அரைப்புள்ளி?"

"அது வேணும்."

"வேண்டாம்."

"வேணும்னு சொல்றேன்ல!"

எடுத்துப் பார்த்தார்கள். வேண்டாம்தான். மேடம் வெற்றிச் சிரிப்பு சிரித்தார். கத்தரி விடுவாளா? மேடம் எழுதிய இடத்திலேயே ஒரு காற்புள்ளியைப் பிடித்துத் தூக்கிப் போட்டாள். "அதை நான் விட்டுட்டேனே!" என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டார். மேஜையில் இருந்த தேநீர் ஆடை கட்டிப்போயிருந்தது. வெளியே சாப்பாட்டு நேரம் வந்து, போயும்விட்டது. நாலு வருஷமாகத் தன்னை அரித்த பயம் எங்கே போனதென்று அவள் தேடக்கூட இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

கதவு திறந்தது. நாத்தனார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. உள்ளே அண்ணி மேடத்தோடு கை நீட்டிச் சண்டை போடுவதை அவ்வளவு நேரம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஆயிற்றே.

"மேடம், மன்னிச்சுக்கோங்க. அண்ணி கொஞ்சம் அப்படித்தான், மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. வேலை உண்டா இல்லையான்னு சொல்லிட்டீங்கன்னா நான் அவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்போ எங்க கூட்டிட்டுப் போற? அவங்க வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு."