சலூன்காரரின் டிராகன் செடி

சலூன்காரருக்கு எதுவும் தொங்கக் கூடாது. திரைச்சீலை தொங்கக் கூடாது, சட்டை நூல் தொங்கக் கூடாது. பேருந்தில் முன் சீட்டுக்காரரின் காதோரம் நாலு முடி தொங்கினால்கூட இவர் கை பரபரக்கும். அப்பேர்ப்பட்டவர் போயும் போயும் டிராகன் பழம் வளர்க்க ஆசைப்பட்டார்.

ஆரம்பமெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. முழங்கை நீளத் தண்டு ஒன்றை நர்சரியில் வாங்கி, வெட்டிய வாய் காயட்டும் என்று ஒரு வாரம் நிழலில் போட்டுவைத்தார். அடியில் ஓட்டை போட்ட டிரம்மில் மண், மணல், மக்கிய எரு கலந்து நிரப்பினார். நடுவில் ஆளுயர சிமெண்ட் தூண், உச்சியில் பழைய ஸ்கூட்டர் டயர். தண்டு தூணைப் பிடித்து ஏறி, டயருக்குள் புகுந்து, சுற்றிலும் குடை மாதிரி தொங்க வேண்டும். தொங்கி முதிர்ந்த கிளையில்தான் பூ வரும் என்று நர்சரிக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். நம்மவர் காதில் ஏறினால்தானே! ஞாயிறு தவறாமல் மொட்டை மாடிக்குப் போய், தொங்குவதையெல்லாம் கத்தரித்து வட்டமாகக் கிராப் வெட்டிவிட்டு வருவார். மூன்று வருடமாகப் பூவுமில்லை, பிஞ்சுமில்லை.

“செடிக்கும் மிஷின் போட்டுடுங்க,” என்பாள் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். எப்பேர்ப்பட்ட ஆளையும் காக்கவைத்துப் பழகியவள்.

அப்புறம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்து, எலும்பு கூடிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். இவர் போகவில்லை. மனைவி வேலைக்குப் போன பிறகு தினமும் கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்தார். கை நடுங்கியது. இனி ஒரு மனிதரின் காதருகே இந்தக் கையைக் கொண்டுபோக முடியாதோ என்று பயந்தார். வெளியே சொல்லவில்லை. “இன்னும் வலிக்குது” என்றே மாதங்களை ஓட்டினார். மாடிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் துணி எடுக்கப் போன மனைவி படியிலிருந்தே கத்தினாள்.

“என்னங்க! உங்க செடி மொட்டு விட்டிருக்கு. ரெண்டு!”

போய்ப் பார்த்தார். வெட்ட ஆளில்லாமல் செடி பரட்டைத் தலையாகத் தொங்கிக் கிடந்தது. அந்த அலங்கோலத்தில்தான் இரண்டு மொட்டும். அவருக்கு வெட்கமாக இருந்தது.

பூ ஒரே ஒரு ராத்திரிதான் விரியும், இந்த உயரத்துக்குத் தேனீயை நம்ப முடியாது, வெயில் ஏறுமுன் மிருதுவான பிரஷ்ஷால் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றதில் தடவுங்கள் என்றார் நர்சரிக்காரர், போனில். இரண்டரை வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் இரண்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளையாக விரிந்து நின்றன. சலூனில் பிடரி முடியைத் தட்டிவிடும் பிரஷ்ஷோடு வந்தவர், அதை மனைவியிடம் நீட்டினார்.

“நீ பண்ணு. என் கை ஆடுது.”

“தெரியும். தினமும் கத்தரிக்கோல் இடம் மாறியிருக்கும், எனக்கென்ன கண்ணா தெரியாது?” அவள் பிரஷ்ஷை வாங்கவில்லை. “ஆடினா ஆடட்டும். பூவுக்கென்ன, காயமா பட்டுடும்?”

அவர் பிரஷ்ஷைப் பூவுக்குள் விட்டார். கை ஆடிய ஆட்டத்தில் மகரந்தம் மஞ்சள் மாவாகக் கொட்டியது. மூச்சைப் பிடித்து மற்ற பூவின் நடுவில் தடவினார். பிறகு அதிலிருந்து இதற்கு. இரண்டாவது முறை நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருந்தது, முழுதாக இல்லை.

திரும்பினால், மனைவி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தோளில் துண்டோடு, தலையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அவருடைய கத்தரிக்கோல். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவரைத் தன் தலையைத் தொட விடாதவள்.

“நுனியை மட்டும் வெட்டுங்க.”

“கோணலாப் போயிட்டா?”

“முடிதானே. வளரும்.”

கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். வெட்டினார். கோணலாகத்தான் போயிற்று, இடப்பக்கம் ஒரு விரற்கடை. பழைய ஆளாக இருந்தால் சரிசெய்கிறேன் பேர்வழி என்று கழுத்துவரை ஏற்றியிருப்பார். இப்போது கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

வெயில் ஏறியதும் பூக்கள் வாடின. ஒரு வாரம் கழித்து அடியில் இரண்டு பிஞ்சும் பச்சையாக உப்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் போய் சலூன் ஷட்டரைத் தூக்கினார். முதலில் வந்தவரிடம், “கொஞ்சம் நேரமாகும், உட்காருங்க” என்றார்.