எண்பத்தாறு அழுத்து

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மூச்சுப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து, அவள் அவசரம் அவசரமாக மகளின் மருந்து அட்டையில் சரி போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு மருந்துப் பம்பில் காலையில் இரண்டு அழுத்து, மாலையில் இரண்டு. முப்பது நாள் கட்டமும் நிரம்பியாக வேண்டும்.

“அம்மா, எல்லாம் ஒரே பேனா. மாட்டிக்குவே,” என்றாள் ஏழு வயது மகள்.

“வாயை மூடுடி.”

“மூடினா எப்படி மூச்சு விடறது? மூக்குதான் அடைச்சிருக்கே.”

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல மாதமாகவே அது இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டில் கை நீட்டினால் எட்டுகிற மேசையில்தான் பம்ப் இருக்கும். எழுந்து அதை எடுப்பதற்குள் மலையைப் புரட்டியது போல் ஆகிவிடும்.

உள்ளே வயதான நர்ஸ் அட்டையை ஒரு பார்வை பார்த்து ஒதுக்கினாள். பம்பைத் திருப்பி, பின்பக்கத்தில் மீதியைக் காட்டும் எண்ணைப் படித்தாள்.

“நூத்திருபது அழுத்து. இந்நேரம் பூஜ்யத்துக்கு வந்திருக்கணும். எண்பத்தாறுல நிக்குது. அட்டை மட்டும் நூத்துக்கு நூறு வாங்கியிருக்கு!”

“ஆமா, கொடுக்கலை! தலையணை உறையை மாத்தினியா, தூசி தட்டினியான்னு மாசாமாசம் கேக்கறீங்களே, நீ எழுந்தியான்னு யாராவது கேட்டீங்களா? அழுகை அழுகையா வருது, எதுவுமே ஓடலைன்னு போன தடவையே சொன்னேன். குழந்தைக்காகத் தைரியமா இரும்மான்னு அனுப்பிட்டீங்க.”

“நான்தாம்மா அப்படிச் சொன்னேன்,” என்றாள் நர்ஸ். முகம் சுண்டிப்போயிருந்தது. போனை எடுத்து மனநலப் பிரிவைக் கூப்பிட்டாள். அங்கே என்ன சொன்னார்களோ, நர்ஸின் குரல் ஏறியது.

“டோக்கன் முடிஞ்சா என்ன? அடுத்த மாசம் வரைக்கும் இந்தப் பொண்ணு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாளா? ஆமாங்க, எங்க நோயாளி மகள்தான், அம்மா இல்லை. ஆனா மருந்து கொடுக்கற கை விழுந்து கிடக்குதே, அதுக்கு முதல்ல வைத்தியம் பாருங்க!”

போனை வைத்துவிட்டு, “ரெண்டு மணிக்குப் பாக்கறாங்களாம்,” என்றாள்.

“அதுவரைக்கும் இங்கேயே கிடக்கணுமா?” அம்மாவுக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

“கிட. நானும் கூட வரேன். அங்க மாத்திரை கொடுத்தா, அதுக்கும் ஒரு அட்டை போடுவேன். பொய்யா சரி போடாதே.”

மகள் பம்பை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா அதை வெறித்துப் பார்த்தாள். பிறகு குலுக்கினாள்; மகளின் வாயில் வைத்து அழுத்தினாள்.

“எண்பத்தஞ்சு,” என்றாள் மகள், எண்ணை எட்டிப் பார்த்து. “இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கும்மா.”