சந்தேகப்பிராணி எழுதிய பதில்

டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கிறவர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்று உண்டு. அங்கே அவளுக்கு வாத்தியாரம்மா என்று பேர். "வாராவாரம் இண்டெக்ஸை எல்லாம் புதுசாகக் கட்டுங்கள், சர்வர் பறக்கும்" என்று எப்போதோ எழுதிவைத்தாள். இண்டெக்ஸ் என்பது புத்தகக் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, தேடுவதைச் சட்டென்று எடுத்துத் தரும். அவ்வளவுதான், வேதவாக்கு ஆகிவிட்டது. ஏன் எதற்கு என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

இப்போது ஒருத்தன் கேட்டுவிட்டான். சந்தேகப்பிராணி என்று புனைபெயர். 'இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும்போது, தகவல் அடுக்கிய டேபிளில் என்ன இருக்கிறது என்ற புள்ளிவிவரமும் கூடவே புதுசாகிறது. வேகம் வருவது அதனால்தான். அதை மட்டும் செய்தால் போதும். மற்றதெல்லாம் சர்வரைப் போட்டு வதைப்பது' என்று எழுதியிருந்தான்.

அந்த மகானுபாவன் வேறு யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன்தான். அவனுக்கும் அதே தொழில், வேறு ஆபீஸ். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினான். நேரே சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. அவள் முகம் வாடினால் இவனுக்குச் சோறு இறங்காது.

"யாருங்க இவன்? பேரச் சொல்லத் துப்பில்ல, ஒளிஞ்சு நின்னு கல்லெறியறான்!" என்று பொரிந்தாள், பதிலைப் படித்துவிட்டு.

"ஆள விடு. சொன்னது சரியான்னு பாரேன்" என்றான் துண்டை நாலாக மடித்தபடி.

"நீங்களும் அவன் கட்சியா? இருங்க, நிரூபிச்சுக் காட்டறேன்."

சோதனைக்கு வைத்திருந்த டேட்டாபேஸ் நகலைத் திறந்தாள். புள்ளிவிவரத்தை மட்டும் புதுப்பித்தாள். ஊர்ந்துகொண்டிருந்த தேடல் சட்டென்று முடிந்தது. இண்டெக்ஸையும் கட்டிப் பார்த்தாள். துளிகூட மாற்றமில்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"ரெண்டு மருந்த ஒண்ணாக் குடுத்துட்டு, எது கேட்டுச்சுன்னு பாக்காம விட்டுட்டேனே" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. "அத எழுதினது நான்தான்" என்று சொல்லிவிட்டான்.

அவள் கண் நிறைந்துவிட்டது. அவன் துணி மடிப்பதை விட்டுவிட்டான். ஐயோ, வீட்டுக்குள்ளேயே கொள்ளி வைத்துவிட்டோமே!

"தப்புன்னு சொன்னதுக்கு அழலை. ஊருக்கெல்லாம் சொன்னீங்க. பக்கத்துலயே இருக்கேன், எனக்குச் சொல்லலையே."

"பயமா இருந்துச்சு."

"நான் என்ன அவ்வளவு ராட்சசியா?"

"சில நேரம்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மன்றத்தைத் திறந்தாள். 'நான் சொன்னது தப்பு. சோதித்துப் பார்த்தேன், சந்தேகப்பிராணி சொன்னதே சரி. என்னை நம்பிச் செய்தவர்கள் இன்றோடு நிறுத்திவிடுங்கள்' என்று எழுதினாள். அனுப்பப் போனவள் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாகச் சேர்த்த பேராயிற்றே!

"வேணும்னா நாளைக்கு அனுப்பேன்" என்றான், மனசு கேட்காமல்.

"என் பேச்சக் கேட்டு இன்னிக்கும் எத்தனை பேர் சர்வரை வதைச்சிட்டிருக்காங்களோ" என்று அனுப்பியே விட்டாள்.

பிறகு அவன் மடித்து வைத்திருந்த துண்டிலேயே முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க. கத்துவேன். அப்பவும் சொல்லுங்க."