ஒரு ஜோடி செருப்பும் ஒரு சென்டிமீட்டரும்

சண்டை நடந்த காலம், கண்ணுங்களா. தெருவெல்லாம் உடைந்த ஜன்னல் கண்ணாடி. வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போக முடியாது. அந்த வீட்டு இரட்டைப் பெண்களுக்கோ இருந்தது ஒரே ஜோடி செருப்பு. பள்ளியில் பாதியைக் காயம்பட்டவர்களுக்கு வார்டாக எடுத்துக்கொண்டதால் படிப்பு இரண்டு வேளையாக நடந்தது. அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. பத்து நிமிஷம் முன்னால் பிறந்த பெரியவள் காலையில் போவாள். மதியம் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவாள். சூடு ஆறுவதற்குள் சின்னவள் மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

ரேஷன் சோற்றில் பிள்ளைகள் வளர்கிறார்களா என்று தெரிய வேண்டுமே! மாதம் ஒருமுறை உயரமும் எடையும் பார்த்து அட்டையில் எழுதுவது தையல் டீச்சரின் வேலை. காலைப் பிள்ளைகளை வந்ததும் அளப்பார். மதியப் பிள்ளைகளை மாலையில், வீட்டுக்கு விடும் முன்.

இரண்டு வேளைப் படிப்பு தொடங்கிய முதல் மாதம் இரண்டு அட்டையிலும் எடை ஒன்றுதான், இருபது கிலோ. உயரத்தில் மட்டும் சின்னவள் ஒரு சென்டிமீட்டர் குறைவு.

“குள்ளச்சி!” என்றாள் பெரியவள்.

“போடி, ஒட்டடைக்குச்சி!”

அம்மா சிரிக்கவில்லை. ஒரே வயிற்றில் கிடந்த இரண்டில் ஒன்று வளரவில்லையென்றால் பரிமாறிய கைதானே தப்பு? அன்று முதல் சின்னவள் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. எங்கிருந்து வரும்? முதலில் அம்மா தட்டிலிருந்து. அது காலியானதும் பெரியவள் தட்டிலிருந்து. பெரியவள் பார்த்தாள், கேட்கவில்லை. ‘குள்ளச்சி’ என்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த மாதம் பெரியவள் அரைக்கிலோ இளைத்திருந்தாள். சின்னவளோ அதே ஒரு சென்டிமீட்டர் பின்னால். டீச்சர் அம்மாவை வரச் சொன்னார்.

“வீட்ல என்னம்மா நடக்குது?”

 அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். “ஒண்ணை நிமிர்த்தப் போயி இன்னொண்ணைச் சாய்ச்சுட்டேன் டீச்சர். இனிமே எந்தக் கையால சோறு போடுவேன்?”

டீச்சர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சு நான் அளந்ததே இல்லையே! நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க.”

“செருப்பு ஒண்ணுதானே இருக்கு?”

“உங்க முதுகு எதுக்கு இருக்கு?”

மறுநாள் சின்னவள் அம்மா முதுகில் உப்புமூட்டையாக வந்தாள். இருவரும் சுவரோடு நின்றார்கள். ஒரே கோடு! பிள்ளைகள் விடாமல் இழுத்து அம்மாவையும் நிறுத்தி அளக்க வைத்தார்கள்.

டீச்சருக்குக் குழப்பம். மூவரையும் அன்று பள்ளியிலேயே இருக்கச் சொல்லி, மாலையில் திரும்ப அளந்தார். மூவரும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தார்கள்.

“என்ன டீச்சர், நானும் தேயறேனா?”

“பகலெல்லாம் நின்னு நடந்தா எல்லாரும் கொஞ்சம் அமுங்கிடறோம் போல. படுத்து எழுந்தா சரியாயிடுது. உங்க கை மேல தப்பில்லம்மா. நான் அளந்த நேரம்தான் தப்பு.”

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “அப்போ ரெண்டும் வளருதுங்களா?”

“போன வருஷத்தைவிட நாலு சென்டிமீட்டர். ரெண்டுமே!” என்றபடி டீச்சர் இரண்டு அட்டையிலும் அளந்த நேரத்தையும் சேர்த்து எழுதினார்.

வாசலில் பெரியவள் செருப்பைக் கழற்றித் தங்கையிடம் தள்ளினாள். “இப்போ நான்தான் முதுகுல ஏறுவேன். இளைச்சவ நான்தானே?”

“ஏறுடி என் ராசாத்தி. இன்னிக்கு முதல் கரண்டியும் உனக்குத்தான்.”

முதுகில் ஏறி உட்கார்ந்ததும் பெரியவளுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது.

“ஏ குள்ளச்சி! கீழே கண்ணாடி கிடக்கு, பாத்து நட!”