பிறந்த வீட்டு வண்டி

ஜீப்பின் முன் அச்சைக் கடப்பாரையால் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்பிரிங்கைத் திருகி உள்ளே நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார் செல்லத்துரை. பானட் மேல் கிடந்த போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டார். இந்த நேரத்தில் கடப்பாரையை விட்டால் அச்சு துள்ளும், துள்ளினால் விரல் போகும். போன் நின்று மறுபடி அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது கடப்பாரையை மெதுவாகத் தளர்த்தி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கிரீஸ் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"மாமா, மாரிராஜ் பேசுதேன்."

அக்கா மகன். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது.

"எப்பம்லே?"

"இப்பத்தான் மாமா. காப்பி குடுத்தோம். ரெண்டு மடக்கு குடிச்சா. அப்படியே தலை சாஞ்சுட்டு."

செல்லத்துரை பானட் மேல் கை வைத்து நின்றார்.

"ரெண்டு மணிக்குள்ள எடுக்கணும்ங்காவ. மேகம் திரண்டு நிக்கி. அப்பா பக்கத்துலதான் வைக்கணும்னு அம்மா சொல்லியிருந்தா, அதனால இங்கன புதியம்புத்தூர்ல வைக்கலை, அப்பா ஊருக்குக் கொண்டு போறோம். நீங்க கோடி கொண்டு வந்தாத்தான் மாமா குளிப்பாட்ட முடியும்."

"வாரேன்" என்றார்.

பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்தாமல் தூக்க மாட்டார்கள். அக்கா முத்துமாரியம்மாளுக்குப் பிறந்த வீடு என்றால் செல்லத்துரை ஒருவர்தான். அவருடைய வண்டியோ முற்றத்தில் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் ஏறி நின்றது. முன் சக்கரம் இரண்டும் வேப்ப மரத்தடியில் கிடந்தன. நடந்து போகலாமென்றால் தார்ச்சாலைக்கு மூன்று மைல், அத்தனையும் முழங்கால் சேறு. பிறகு கோவில்பட்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இரண்டு பஸ். இரண்டு மணிக்குப் போய்ச் சேர முடியாது.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளுக்கு ஆட்களையும் எண்ணெய் டின்களையும் ஏற்றிக்கொண்டு போவதுதான் பிழைப்பு. மழை பெய்து கரிசல் குழைந்துவிட்டால், நாலு சக்கரமும் இழுக்கிற அவருடைய ஜீப் மட்டும்தான் காற்றாடி அடிவரைக்கும் போகும். பாரத்துக்காக விறைப்பான ஸ்பிரிங் போட்டிருந்தார். பாரமில்லாமல் ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் நடுமுதுகில் வந்து இடிக்கும்.

அக்காவுக்கு ஆடியிலிருந்து முதுகெலும்பில் நோய். எலும்பு உளுத்துப்போயிருக்கிறது, உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். பிறந்த வீட்டில் பத்து நாள் வந்து கிடக்க வேண்டும்.

"ஏலே, ஒரு காரைப் பிடிச்சு வந்துட்டுப் போறேனே. மாரிராஜே கொண்டாந்து விடுதேங்கான்" என்றாள் ஆவணியில்.

"அடுத்தவன் வண்டியிலயா எங்கூடப் பொறந்தவ வீட்டுக்கு வருவா? நான் எதுக்கு இருக்கேன்? மெதுவான ஸ்பிரிங் சொல்லியிருக்கேன். மாத்திட்டு நானே வந்து கூட்டிட்டு வாரேன்."

"அப்பம் சீக்கிரம் மாத்துலே."

கோயம்புத்தூரிலிருந்து முதலில் வந்த ஸ்பிரிங் அளவு சேரவில்லை. திருப்பி அனுப்பினார். புரட்டாசி முழுக்கப் பாதை காய்ந்து கிடந்தது, எந்தக் காரும் வந்து போயிருக்கலாம். அவர் பார்சலுக்குக் காத்திருந்தார். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இனி எந்தக் கார்க்காரனும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான், தன்னுடைய வண்டியை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை என்பதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட இருந்தது. அளவு சேர்ந்த ஸ்பிரிங் முந்தாநாள்தான் வந்து சேர்ந்தது.

ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. மருமகனுக்கு மாமா. காற்றாலைக்காரர்களுக்கு டிரைவர். அவரை 'ஏலே' என்று கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சமிருந்தாள்.

மறுபடியும் கடப்பாரையை எடுத்தார். பழைய ஸ்பிரிங் நீளம் குறைந்தது. புதுசு மெதுவானது, அதனாலேயே அதைவிட ஒரு சாண் போல நீளம் கூடுதல். அச்சு இன்னும் இரண்டு விரற்கடை கீழே இறங்கினால்தான் உள்ளே போகும். தனியாளாக எவ்வளவு அமுக்கினாலும் இறங்கவில்லை. அந்நேரம் சின்னக்கருப்பன் மழைக்குச் சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்டுக் கிடையிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

"சின்னக்கருப்பா, இங்கன வா. இதுமேல கொஞ்சம் ஏறி நில்லு."

"எதுமேல அண்ணாச்சி?"

"சக்கரம் மாட்டுத எடம் இருக்குல்லா, அதுமேல. குதிக்காத. சும்மா கனத்தைக் குடு, போதும்."

"கனத்துக்கு நான் எங்க போவேன்? என் கிடாயக் கூட்டிட்டு வரட்டா? அதுக்கு என்னைவிட எடை உண்டு."

சிரித்துக்கொண்டே ஏறி நின்றான். அச்சு முனகிக்கொண்டு இறங்கியது. செல்லத்துரை ஸ்பிரிங்கை உள்ளே தள்ளி, அதன் கீழ்நுனி குழியில் போய் உட்காரும்வரை திருகினார். உட்கார்ந்ததும் ஜாக்கியைக் கொடுத்து அச்சை மேலே தூக்கினார்.

"எல்லாம் அக்காவுக்குத்தான இந்தப் பாடு?" என்றான் சின்னக்கருப்பன் இறங்கிக்கொண்டே. "எப்பம் கூட்டிட்டு வருதிய? வந்ததும் ஒரு சத்தம் குடுங்க. வெள்ளாட்டுப்பால் கொண்டாந்து தாரேன். எலும்புக்கு அப்படி நல்லது."

செல்லத்துரை போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னால் இவன் இங்கேயே உட்கார்ந்து அழுவான். அவன் அழுதால் தனக்கும் கை ஓடாது.

"இன்னைக்குத்தான் போறேன்" என்றார்.

"நல்ல காரியம். வரும்போது பையப் பைய வாங்க."

வலது முன்பக்கத்துக்கு நேரமில்லை. பழைய ஸ்பிரிங்கோடு சக்கரத்தை மாட்டினார். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு. வேறு எவனாவது அப்படி ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் மறித்து நிறுத்தி ஏசியிருப்பார். ஸ்டாண்டுகளை உருவியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பின்பக்க இரண்டையும் நேற்றே மாற்றி முடித்திருந்தார். அக்கா உட்கார்ந்து வர மாட்டாள், பின்னால் படுத்துக்கொண்டுதான் வருவாள் என்று அங்கிருந்து தொடங்கியிருந்தார்.

பாதையில் பத்து வருஷப் பழக்கம் அவருக்கு. எந்த இடத்தில் பல்லைக் கடிக்க வேண்டும், எங்கே ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று உடம்புக்கே தெரியும். ஓடைப் பள்ளம் வந்ததும் தன்னால் பல்லைக் கடித்தார். வண்டி மெல்ல அமிழ்ந்து மெல்ல எழுந்தது. இடியே இல்லை.

"நல்லாத்தான இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. வண்டியை நிறுத்தாமலே அழுதார். கேட்பதற்கு ஆளில்லாத காட்டில் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் அழலாம். தார்ச்சாலை வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பசுவந்தனையில் ஒரு ஜவுளிக்கடையில் நிறுத்தினார். கடைப்பெண் தீபாவளிக்கு விற்காமல் நின்ற சேலைகளை எடுத்துப் போட்டாள்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"அக்காவுக்கு."

"அவிய என்ன நிறம்?"

"என் நிறம்தான்."

"அப்பம் இந்த அரக்கு எடுப்பா இருக்கும். காட்டன். உடுத்த உடுத்த மெதுவாகும்."

தொட்டுப் பார்த்தார். புதுத்துணிக் கஞ்சியில் மொடமொடவென்று இருந்தது. கட்டச் சொன்னார். அவள் பையை நீட்டும்போது சொன்னாள்: "அவியளுக்குப் பிடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்து மாத்திக்கிடலாம். பில்லை மட்டும் தொலைச்சுராதீங்க."

சரி என்று தலையாட்டினார்.

புதியம்புத்தூரில் மாரிராஜ் வீட்டுத் தெரு முழுக்கத் தையல் மிஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். யாரோ வண்டியைப் பார்த்து, "என்ன, ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கி?" என்று கேட்டார்கள். அவர் பையோடு உள்ளே போனார்.

அக்கா சின்னதாகப் போயிருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் பார்த்தபோது இத்தனை சின்னதாக இல்லை. பெண்கள் சேலையை வாங்கிக்கொண்டு அவரை வெளியே போகச் சொன்னார்கள். குளிப்பாட்டி, அரக்குச் சேலையைப் போர்த்திக் கொண்டுவந்து பந்தலில் வைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் அத்தான் வழிப் பெரியவர் ஆறுமுகசாமி அவர் முன்னால் வந்து நின்றார்.

"செல்லத்துரை, பொறந்த வீட்டு ஆளு நீதான். உத்தரவு குடு. எடுத்துரலாமா?"

கூட்டம் அழுகையை நிறுத்தி அவருடைய வாயைப் பார்த்தது. சம்பிரதாயமாகக் கேட்கிற கேள்விதான். சம்பிரதாயமாகச் சொல்ல வேண்டிய பதில்தான். கூட்டிக்கொண்டு போக வந்தவன் தான்தான் என்று அத்தனை பேர் நடுவிலும் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"சொல்லுப்பா. மழை வந்துரும்."

"எடுங்க" என்றார்.

அக்காவை ஏற்றிய ரத வண்டி முன்னால் போக, அவர் கடைசியில் ஜீப்பில் தனியாக வந்தார். தார் முடிகிற இடத்தில் ரதம் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்சக்கரத்துக்கு முன்னால் காலை வைத்துப் பார்த்தான். கணுக்கால் உள்ளே போனது.

"இதுக்கு மேல போனா பொதைஞ்சுரும் அண்ணாச்சி. எடுக்கதுக்கு டிராக்டர்தான் வரணும்."

இளவட்டங்கள் தோளில் தூக்கிப் பார்த்தார்கள். பத்தடி போவதற்குள் ஒருவனுக்குக் கால் வழுக்கி, பாடை ஒரு பக்கம் சரிந்தது. எல்லாரும் "ஏ, ஏ" என்று கத்தினார்கள். மாரிராஜ் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டான். அப்புறம் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, உங்க வண்டி போகும்லா?"

செல்லத்துரை இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். சீட்டை நேற்றே கழற்றி வீட்டில் போட்டிருந்தார். அவளை உள்ளே படுக்கவைத்தார்கள். மாரிராஜ் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

நாலு சக்கரத்துக்கும் இழுவையை மாற்றி, முதல் கியரைப் போட்டு, மெதுவாகக் கிளப்பினார். கொட்டு முன்னால் போனது. ஆட்கள் இரண்டு பக்கமும் வரப்போரமாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். டிராக்டர் உழுத தடம் முழங்காலளவுக்கு வெட்டிக் கிடந்தது. வண்டி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறியது. அவர் கண்ணாடியில் பின்னால் பார்க்கவேயில்லை.

"மாமா" என்றான் மாரிராஜ் கொஞ்ச நேரம் கழித்து. "கொஞ்சங்கூட அலுங்கல மாமா. அம்மா தலை வச்சது வச்சபடி இருக்கு."

"ம்."

"இப்படின்னு தெரிஞ்சிருந்தா முன்னமே..." என்று தொடங்கியவன், அவருடைய பிடரியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

தூரத்தில் குழி வெட்டினவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பது தெரிந்தது. தூறல் விழத் தொடங்கியது. ஆறுமுகசாமி திரும்பி, சீக்கிரம் வரும்படி கையைக் காட்டினார். முன்னால் பாதை கொஞ்சம் சரளையாக, கெட்டியாகத்தான் இருந்தது. நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் ஒரு கிழவரும் கம்பை ஊன்றிக்கொண்டு தாண்டிப் போனார். செல்லத்துரை இரண்டாவது கியருக்கு மாற்றவில்லை.